ஜோடி அஞ்சு லட்சம் ஸ்பீக்கர்: காசு எங்க போகுது, காதுக்கு எவ்ளோ வருது?

புது வீடு கட்டி ஹாலுக்கு நல்ல பாட்டு செட் போடணும்னு ஆசைப்படறவங்க நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்ப ஜாஸ்தியாயிட்டாங்க. ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போற பசங்க பெங்களூர் ஷோரூம்ல ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டுட்டு வந்து தூக்கமே வரலைங்கறாங்க. எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான். இருபதாயிரத்துக்கும் ஒரு ஜோடி கிடைக்குது, ஒரு லட்சத்துக்கும் கிடைக்குது, அஞ்சு லட்சத்துக்கும் கிடைக்குது, அப்ப அஞ்சு லட்சம் குடுத்தா ஒரு லட்சம் ஸ்பீக்கரை விட அஞ்சு மடங்கு நல்லா பாடுமா?

பாடாது. அதுக்காக அஞ்சு லட்சம் ஸ்பீக்கரே ஏமாத்து வேலைன்னு முடிவு கட்டவும் வேணாம். அந்த விலைக்குள்ள காதுக்கு வர்ற காசு எவ்ளோ, கண்ணுக்குப் போற காசு எவ்ளோ, கப்பலுக்கும் வரிக்கும் கடைக்காரருக்கும் போற காசு எவ்ளோன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா போதும், நம்ம பாக்கெட்டுக்கு எது சரின்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம். அதைத்தான் இதுல முதல்லேர்ந்து சொல்லப் போறேன், ஸ்பீக்கரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. விலை ஏற ஏற சத்தத்தோட தரம் அதே வேகத்துல ஏறாது. டிவிக்குள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்லேர்ந்து இருபதாயிரம் ரூபா ஜோடிக்கு மாறினா வீட்டுல இருக்கற பாட்டிக்குக் கூட வித்தியாசம் தெரியும், பாட்டுல வார்த்தை புரியும், தவில் தவிலா கேக்கும். இருபதாயிரத்துலேர்ந்து ஒரு லட்சத்துக்குப் போனா தினமும் பாட்டு கேக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். ஒரு லட்சத்துலேர்ந்து அஞ்சு லட்சத்துக்குப் போனா, அப்பவும் தெரியும்தான், ஆனா ரூம் ஒழுங்கா இருக்கணும், சரியான இடத்துல வச்சிருக்கணும், உக்காந்து கவனிக்கணும். அதுக்கு மேல பத்து, இருபது, முப்பது லட்சம்னு போறப்ப ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல வித்தியாசம் இருக்கும், ஆனா எது நல்லதுன்னு ரெண்டு பேரைக் கேட்டா ரெண்டு பதில் வரும். முதல் படியில ஒவ்வொரு ஆயிரமும் உழைக்குது, மேல போகப் போக ஒரு லட்சம் குடுத்தாலும் கொஞ்சூண்டு தான் வருது.

ஏன் இப்படின்னா ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. கீழ பெருசா இருக்கறது வூஃபர், மேல சின்னதா இருக்கறது ட்வீட்டர், உள்ள கிராஸ்ஓவர்னு ஒரு போர்டு இருக்கும், அதுல காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வச்சு கனமான சத்தத்தை வூஃபருக்கும் மெல்லிசான சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்புது, அப்புறம் இது எல்லாத்தையும் தாங்கற பெட்டி. அவ்ளோதான். இதுல கிராஸ்ஓவரை எவ்ளோ பொறுமையா டிசைன் பண்ணியிருக்காங்கங்கறதும் பெட்டி எவ்ளோ கெட்டியா இருக்குங்கறதும்தான் சாதா ஸ்பீக்கரையும் நல்ல ஸ்பீக்கரையும் பிரிக்கற இடம். பெட்டியோட பக்கவாட்டுல விரலை மடக்கி ஒரு தட்டு தட்டிப் பாருங்க. மட்டமான பெட்டி காலி டப்பா மாதிரி 'டொங்'னு நீளமா முழங்கும், நல்ல பெட்டி 'டக்'குனு செத்த சத்தம் குடுத்துட்டு நின்னுடும். முழங்கற பெட்டி பாட்டு ஓடறப்பவும் முழங்கும், பாடறவரோட குரல்ல ஒரு கரகரப்பு சேரும், அதை நீங்க ஈக்வலைசர்ல எவ்ளோ திருப்பினாலும் எடுக்க முடியாது. 18 இல்லன்னா 25 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்யற) பலகை, உள்ள குறுக்கு சட்டம்னு போட்டா எடையும் ஏறும் விலையும் ஏறும், இது நியாயமா ஏறுற விலை.

அடுத்து பேஸ், அதாவது கனமான அடி சத்தம். காசை அதிகமா முழுங்கறது இதுதான், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம். ஒரு ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 80 தடவை அதிர்ற சத்தத்தை ஒரு அளவுல குடுக்குதுன்னு வைங்க. அதே அளவு சத்தத்துல 40 ஹெர்ட்ஸ் குடுக்கணும்னா அது நாலு மடங்கு காத்தைத் தள்ளணும். ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதுக்குப் பெரிய வூஃபர் வேணும், பெரிய மேக்னெட் வேணும், பெரிய பெட்டி வேணும். பேஸ் கிட்டாரோட அடி கம்பி 41 ஹெர்ட்ஸ்ல அதிருது, எண்பதுகள்ல வந்த நம்ம சினிமா பாட்டுல பேஸ் கிட்டார் எப்படியெல்லாம் ஓடும்னு கேட்டு வளர்ந்தவங்களுக்குத் தெரியும், அந்த அடி சுரத்தைச் சின்ன ஸ்பீக்கர் முழுசா குடுக்காது, அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குல மேல அதிர்ற துணை சுரங்களை மட்டும் குடுக்கும், மீதியை நம்ம மூளை நிரப்பிக்கும். ஒரு நாள் முழுசா குடுக்கற ஸ்பீக்கர்ல அதே பாட்டைக் கேட்டா 'இது இத்தனை வருஷமா இந்தப் பாட்டுல இருந்துச்சா'ன்னு இருக்கும். அந்த சந்தோஷத்துக்குக் காசு குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

கேஎல்எச்ங்கற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஹாஃப்மன், அவர் பேருல ஒரு விதியே இருக்கு. சின்ன பெட்டி, ஆழமான பேஸ், கம்மி வாட்ஸ்லயே நல்ல சத்தம், இந்த மூணுல ரெண்டைத்தான் எடுத்துக்க முடியும், மூணாவதை விட்டுத்தான் ஆகணும். எந்தக் கம்பெனி எவ்ளோ லட்சம் வாங்கினாலும் இதைத் தாண்ட முடியாது. உள்ளங்கை அளவு பெட்டிய காட்டி 'வீடே அதிரும் சார்'னு ஒருத்தர் சொன்னா அவர் எதை மறைக்கிறார்னு இனிமே உங்களுக்குத் தெரியும்.

வாட்ஸ் கணக்கும் இதோட சேர்ந்ததுதான். நம்ம ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு ரேடியோ செட் கட்டறாங்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர்ல அடுத்த ஊருக்கே கேக்குது. அது ஒரு வாட்ஸ்க்கு, ஒரு மீட்டர் தூரத்துல, 105 டெசிபலுக்கு மேல சத்தம் குடுக்கற சாமான். வீட்டு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்ஸ்க்கு 84லேர்ந்து 90 டெசிபல் வரைக்கும்தான் குடுக்கும். 20 டெசிபல் வித்தியாசம்னா நூறு மடங்கு வாட்ஸ். ஆனா குழாய்ல பேஸ் சுத்தமா கிடையாது, பேச்சு ஊருக்குப் போய்ச் சேரணும்னு செஞ்சது அது. வீட்டு ஸ்பீக்கர் சத்தத்தை விட்டுக்குடுத்து பேஸையும் சின்ன பெட்டியையும் எடுத்துக்குது. அட்டையில 'சென்சிட்டிவிட்டி'ன்னு போட்டிருக்கற நம்பர் இதுதான், கடையில யாரும் இதைப் பத்திப் பேசறதில்ல, நீங்க கேளுங்க. 3 டெசிபல் கம்மியானா ஆம்ப் வாட்ஸ் ரெண்டு மடங்கு வேணும், 6 டெசிபல் கம்மியானா நாலு மடங்கு. அதாவது 83 டெசிபல் ஸ்பீக்கரை விலை கம்மின்னு வாங்கினா, மிச்சம் பிடிச்ச காசு ஆம்ப்ளிஃபயர்ல போயிடும்.

சரி எவ்ளோ வாட்ஸ்தான் வேணும்? 86 டெசிபல் ஸ்பீக்கர் ரெண்டு, நீங்க பத்தடி தள்ளி உக்காந்திருக்கீங்க. ஆளுக்கு ஒரு வாட்ஸ் குடுத்தாலே உக்காந்த இடத்துல கிட்டத்தட்ட 80 டெசிபல் வந்துடும், அதுவே பக்கத்துல இருக்கறவர்கிட்ட குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். ஆனா பாட்டுல திடீர்னு ஒரு பறை அடி, ஒரு டிரம் அடி விழறப்ப அது சராசரியை விட 20 டெசிபல் எகிறலாம், அந்த ஒரு நொடிக்கு நூறு வாட்ஸ் வேணும். அதனாலதான் நல்ல ஆம்ப்ல கையிருப்பு இருக்கணும்கறது. அட்டையில பத்தாயிரம் வாட்ஸ் பிஎம்பிஓன்னு போட்டிருந்தா அதை அப்படியே தள்ளி விடுங்க, அந்த நம்பருக்கும் கேக்கற சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 8 ஓம்ஸ்ல ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கற வாட்ஸ், எவ்ளோன்னு மட்டும் பாருங்க.

இப்ப காதுக்கு வராத காசு. இங்கிலாந்துல வொர்திங்ங்கற ஊர்ல செய்யற பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 801 டி4ன்னு ஒரு ஸ்பீக்கர் 2021ல வந்துச்சு, அப்ப அமெரிக்காவுல ஜோடி விலை 35,000 டாலர், ஒண்ணு கிட்டத்தட்ட 100 கிலோ எடை. அதுல வைரத்துல செஞ்ச ட்வீட்டர் டோம் இருக்கு, வளைச்ச மரப் பெட்டி இருக்கு, உண்மையாவே உழைச்சு செஞ்ச சாமான். ஆனா அந்த மாதிரி எடை உள்ள ஒரு ஜோடி கப்பல்ல வந்து, கஸ்டம்ஸ் கட்டி, ஜிஎஸ்டி கட்டி, இறக்குமதியாளர் லாபம், கடை லாபம், ஷோரூம் ஏசி ரூம் வாடகை எல்லாம் ஏறி நம்ம கையில சேர்றப்ப விலை எங்கேயோ போயிருக்கும். அப்புறம் பெட்டிக்கு மேல ஒட்டற நிஜ மரத் தோல், பியானோ மாதிரி பளபளப்பு, இதுக்கெல்லாம் ஆள் கூலி ஜாஸ்தி, அது ஹாலுக்கு அழகு, சத்தத்துக்கு எதுவும் செய்யாது. அழகுக்குக் காசு குடுக்கறது தப்பான்னா இல்லவே இல்ல, தேக்குக் கதவுக்குக் குடுக்கறோம் இதுக்குக் குடுக்கக் கூடாதா, ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கணும். கொல்கத்தாவுல சோனோடைன்னு ஒரு கம்பெனி பல வருஷமா நம்ம நாட்டுலயே ஸ்பீக்கர் செய்யுது, அந்த மாதிரி சாமான்ல கப்பல், கஸ்டம்ஸ் பங்கு பெருசா இருக்காது, அதனால அதே விலைக்குள்ள பெட்டிக்கும் வூஃபருக்கும் கொஞ்சம் கூட செலவு பண்ண முடியும். இந்தக் கோணத்துல விலையைப் பார்க்கப் பழகுங்க.

விலை ஜாஸ்தின்னா நல்லா இருக்கும்னு காது நம்பறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது கண்ணு. கனடா தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல 1965லேர்ந்து வேலை பார்த்த ஃப்ளாய்ட் டூல்னு ஒருத்தர், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாடி மறைச்சு வச்சு ஆளுங்களைக் கேக்க வச்சு மார்க் போடச் சொல்லி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினார், அப்புறம் 1991ல ஹார்மன் கம்பெனிக்குப் போனார். அங்க அவரும் கூட வேலை பார்த்த ஷான் ஆலிவும் 1994ல ஒரு சோதனை பண்ணாங்க. அந்தக் கம்பெனி ஆளுங்களையே கூப்பிட்டு, அதே ஸ்பீக்கர்களை மறைச்சு ஒரு தடவை, கண்ணால பார்க்க வச்சு ஒரு தடவை கேக்க விட்டாங்க. பார்த்துக் கேட்டப்ப பெரிய, விலை ஜாஸ்தியான, அழகான ஸ்பீக்கருக்கு மார்க் ஏறுச்சு, சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு மார்க் இறங்குச்சு. மறைச்சுக் கேட்டப்ப அந்த வித்தியாசம் சுருங்கிப் போச்சு. ஸ்பீக்கர் செய்யற கம்பெனில வேலை பார்க்கறவங்க காதுக்கே இந்த நிலைமை.

அவங்க கண்டுபிடிச்சதுல ஆரம்பிக்கறவங்களுக்குத் தைரியம் குடுக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. 2003ல ஆலிவ் 268 பேரை வச்சு பார்த்தார், காதுக்குப் பயிற்சி எடுத்தவங்களும் இருந்தாங்க, சாதாரண ஆளுங்களும் இருந்தாங்க, எது நல்ல ஸ்பீக்கர்ங்கற வரிசை ரெண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்துச்சு. பயிற்சி எடுத்தவங்க சீக்கிரமா, தடுமாறாம சொன்னாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அதனால 'உங்களுக்கெல்லாம் இது கேக்காது சார்'னு யாராச்சும் சொன்னா கண்டுக்காதீங்க. எந்த சுரத்தையும் தூக்காம, அமுக்காம சமமா குடுக்கற ஸ்பீக்கர், பக்கவாட்டுல போற சத்தமும் அதே குணத்தோட போற ஸ்பீக்கர், அதைத்தான் எல்லா ஊர் மனுஷனும் நல்லா இருக்குங்கறான். ஒருத்தருக்கு ஒரு ஸ்பீக்கர் பிடிக்கறதுல பேஸோட பங்கு மட்டும் சுமார் 30 சதவீதம்னு அவங்க கணக்குல வந்துச்சு.

இதை நாமளும் செஞ்சு பார்க்கலாம், செலவே கிடையாது. தெருக்கூத்துல வேஷக்காரர் வர்றப்ப ரெண்டு பேர் முன்னாடி துணியைப் பிடிச்சுக்குவாங்களே, ஆள் முகம் தெரியறதுக்கு முன்னாடி குரல் நம்மகிட்ட வந்துடும், அந்த மாதிரி ரெண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு முன்னாடி ஒரு மெல்லிசு வேட்டியைக் கட்டுங்க. சன்ன நூல் வேட்டி சத்தத்தைப் பெருசா தடுக்காது. எந்த ஜோடி ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாம வீட்டுல ஒருத்தரை மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. ஒரே ஒரு கண்டிஷன், ரெண்டும் ஒரே அளவு சத்தத்துல ஓடணும். போன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணு போட்டு உக்கார்ற இடத்துல வச்சு ரெண்டையும் சரி பண்ணிக்கங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே 'இது தெளிவா இருக்கு'ன்னு மனசு சொல்லிடும், சத்தம் கூடன்னு தோணாது, நல்லா இருக்குன்னுதான் தோணும். கடையில விலை ஜாஸ்தியான ஜோடிக்கு மாத்தறப்ப வால்யூம் லேசா ஏறினா இந்த வேலைதான் நடக்குது, அதனால அங்கயும் போனைக் கையில வச்சுக்கங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைக் கொண்டு போங்க, கடைக்காரர் போடற டெமோ பாட்டு எந்த ஸ்பீக்கர்லயும் இனிக்கும்.

இனி ஹால். நான் இதை எல்லாத்துக்கும் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு சிலர் சொல்லலாம், ஏன்னா இதுதான் பாதி சத்தம். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ உங்க காதுக்கு வர்றதை ஸ்பீக்கரை விட ரூம்தான் தீர்மானிக்குது. நம்ம பக்கம் வீட்டு ஹால் எப்படி இருக்கும்? 16க்கு 12, உயரம் 10 அடி, மேல கான்கிரீட், சுவர் பூச்சு, கீழ டைல்ஸ், கிருஷ்ணகிரி பக்கம்னா கிரானைட்டே போட்டிருப்பாங்க, ஒரு ஸ்டீல் பீரோ, கண்ணாடி ஷோகேஸ். எல்லாமே சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கற சாமான். பர்கூர் பக்கம் ஒரு வீட்டுல பார்த்தேன், கிரானைட் வியாபாரம் பண்றவர், தரை மட்டும் இல்லாம டிவி பின்னாடி சுவர் முழுக்க கறுப்பு கிரானைட் பாலிஷ் பண்ணி ஒட்டியிருந்தார், முகம் பார்க்கலாம். அங்க சில லட்சம் பெறுமான ஃப்ளோர்ஸ்டாண்டர் (தரையிலயே நிக்கற உயரமான ஸ்பீக்கர்) ஜோடி நிக்குது, பாட்டு போட்டா பாடகியோட 'ஸ' எல்லாம் ஊசி மாதிரி குத்துது, ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள அடுத்த வார்த்தை மேல வந்து விழுது. ஸ்பீக்கர் மேல ஒரு குத்தமும் இல்ல. அதே நேரத்துல அவங்க படுக்கை ரூம்ல, பஞ்சு மெத்தையும் துணி அலமாரியும் ஜன்னல்ல கனமான திரையும் இருக்கற இடத்துல, பையனோட சின்ன ஸ்பீக்கர் ரெண்டு அழகா பாடிட்டு இருந்துச்சு.

உங்க ஹாலை நீங்களே டெஸ்ட் பண்ணலாம். உக்கார்ற இடத்துல நின்னு பளார்னு ஒரு கை தட்டுங்க. தட்டினதோட நின்னா நல்லது, 'ட்ரிங்'னு சுவத்துக்கு சுவர் ஓடற மாதிரி கேட்டா முதல் செலவு ஸ்பீக்கருக்கு இல்ல, சுவத்துக்குதான். தரையில கனமான ஜமுக்காளம், பின்னாடி சுவத்துல புத்தக அலமாரி, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பா கனத்த திரை, இது போதாதுன்னா நம்ம ஆசாரிகிட்ட நாலடிக்கு ரெண்டடி மரச் சட்டம் அடிச்சு வாங்கி உள்ள 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல்லை உருக்கிச் செய்யற பஞ்சு) ஸ்லாப் வச்சு துணி போர்த்தி மாட்டுங்க, சுவத்துலேர்ந்து ரெண்டு இன்ச் இடைவெளி விட்டா இன்னும் நல்லா வேலை செய்யும். ராக்வுல் கையில பட்டா அரிக்கும், கிளவுஸ், மாஸ்க் போட்டு வேலை செய்யச் சொல்லுங்க. மொத்தமா ஆகற செலவு ஸ்பீக்கர் விலையை விட ரொம்பக் கம்மிதான், ஆனா ஒரு லட்சம் கூட குடுத்து ஸ்பீக்கரை மாத்தினாலும் வராத தெளிவு வரும்.

பேஸுக்கு இந்த ஜமுக்காளம் உதவாது, அது வேற கணக்கு. ரூமோட நீளம், அகலம், உயரம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுரம் இருக்கு, அந்த சுரம் வந்தா ரூமே சேர்ந்து முழங்கும். 16 அடிக்கு சுமார் 35 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. அந்த சுரத்துல சில இடத்துல பேஸ் பொங்கி வழியும், சில இடத்துல, முக்கியமா ஹாலுக்கு நட்ட நடுவுல, காணாமப் போயிடும். அஞ்சு லட்சம் ஸ்பீக்கர் வாங்கி ஹால் நடுவுல சோபா போட்டு உக்காந்து 'பேஸே இல்ல'ன்னு சொன்னவங்க இருக்காங்க, சோபாவை ரெண்டடி பின்னாடி தள்ளினா வந்துடும். ஸ்பீக்கரை மூலையில ஒட்டி வச்சா பேஸ் வீங்கும், சுவத்துலேர்ந்து ரெண்டடியாவது முன்னாடி இழுங்க, ட்வீட்டர் உங்க காது உயரத்துக்கு வரட்டும், ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சேர்ந்து சம முக்கோணமா அமையுங்க. ஷோகேஸ் தட்டுக்குள்ள சொருகி வைக்கறதா இருந்தா விலை ஜாஸ்தி ஸ்பீக்கர் வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

இந்த இடத்துலதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உங்க ஹால் எவ்ளோ தரத்தை உள்ள விடுமோ அதுவரைக்கும் குடுக்கற காசு காதுக்கு வரும், அதுக்கு மேல குடுக்கறது பெட்டியிலயே நின்னுடும். 12க்கு 10 ரூம்ல பெரிய ஃப்ளோர்ஸ்டாண்டர் வச்சா அதோட பேஸை ரூம் தாங்காது, நீங்க குறைச்சுத்தான் கேப்பீங்க, ஆனா குடுத்த காசுல பெரிய பங்கை அந்த பேஸுக்குத்தான் குடுத்தீங்க. அதே ஸ்பீக்கர் 25 அடி ஹால்ல, மேல உயரமான கூரை இருக்கற வீட்டுல, கொஞ்சம் சத்தமா கேக்கற ஆளுக்குக் கிடைச்சா அது குடுத்த விலைக்கு நியாயம் பண்ணும், சின்ன ஸ்பீக்கர் அங்க மூச்சு வாங்கும்.

பட்ஜெட் எப்படிப் பிரிக்கறது? ஒரு கணக்குக்கு மொத்தம் ஒன்றரை லட்சம்னு வைங்க. நானா இருந்தா ரூமுக்கு இருபதாயிரம், ஸ்பீக்கருக்கு எண்பதாயிரம், ஆம்புக்கு நாப்பதாயிரம், மீதி ஸ்டாண்டுக்கும் ஒயருக்கும். ஒயர் விஷயத்துல யார் பேச்சையும் கேக்காதீங்க, ஹார்டுவேர் கடையில கிடைக்கற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். அஞ்சு மீட்டர் போய் அஞ்சு மீட்டர் வந்தாலும் அதோட ரெசிஸ்டன்ஸ் 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. பேஸ் இன்னும் வேணும்னா ஒரேயடியா பெரிய ஸ்பீக்கருக்குத் தாவாம நல்ல புக்ஷெல்ஃப் (ஸ்டாண்டு மேல வைக்கற சின்ன ஸ்பீக்கர்) ஜோடியோட ஒரு சப்வூஃபர், அதாவது பேஸ் மட்டும் குடுக்கற தனிப் பெட்டி, சேருங்க, சப்வூஃபரை ரூம்ல எங்க வேணா நகர்த்தி பேஸ் ஒழுங்கா வர்ற இடத்தைத் தேடலாம், ஃப்ளோர்ஸ்டாண்டர்ல அந்த வசதி கிடையாது. சின்ன ரூம்னா ஸ்டுடியோக்காரங்க வச்சிருக்கற ஆக்டிவ் மானிட்டரையும் பாருங்க, வூஃபருக்கு ஒரு ஆம்ப் ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப்னு உள்ளயே இருக்கும், தனியா ஆம்ப் வாங்க வேணாம், பார்க்க அழகா இருக்காது, ஆனா காசுக்குக் கிடைக்கற சத்தம்னு பார்த்தா இதை அடிச்சுக்க ஆள் கம்மி.

கரண்ட்டை மறந்துடாதீங்க, நம்ம ஊர்ல இது பெரிய விஷயம். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடினா ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கர்லயும் ஒரு இரைச்சல் வரும், சைன் வேவ் இன்வெர்ட்டர்னா அந்தத் தொல்லை இல்ல. இங்க நிறைய இடத்துல பாறை மண்ணு, கோடையில எர்த் குழி காஞ்சு போயிடும், அதுக்குத் தண்ணி ஊத்தி வைக்கணும், இது பாட்டுக்கு மட்டும் இல்ல வீட்டுல இருக்கறவங்க பாதுகாப்புக்கும்தான். கேபிள் டிவி ஒயரை ஆம்போட சேர்த்தா 'ம்ம்ம்'னு ஹம் வருதுன்னா கேபிளைக் கழட்டிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா ஸ்பீக்கர் மேல சந்தேகப்பட வேணாம்.

செலவை வருஷத்துல பிரிச்சுப் பார்க்கறதும் நல்ல வழி. நல்ல ஸ்பீக்கர் 15 வருஷம் சாதாரணமா உழைக்கும். ஒன்றரை லட்சம் செட்டை 15 வருஷம் தினம் ஒரு மணி நேரம் கேட்டா மணிக்கு சுமார் 27 ரூபா. ஆறு லட்சம் செட்னா சுமார் 110 ரூபா. தினமும் உக்காந்து கேக்கறவருக்கு 110 ரூபா பெருசு இல்ல, மாசத்துக்கு ரெண்டு நாள் கேக்கறவருக்கு ஒன்றரை லட்சமே ஜாஸ்தி. கடன்ல வாங்கறதா இருந்தா வட்டியையும் இதுல சேர்த்துக்கங்க, அப்ப கணக்கு வேற மாதிரி வரும்.

இன்னொரு வழி செகண்ட் ஹேண்ட். புது ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த நாளே விலை விழுந்துடும், அதனால நாலஞ்சு வருஷம் ஓடின நல்ல ஜோடி பெங்களூர்லயோ சென்னையிலயோ பாதி விலைக்குப் பக்கமா கிடைக்கும், ஆம்ப் மாதிரி உள்ள நிறைய பழுதாகற சாமான் இதுல கிடையாது, அதனால எனக்கு இந்த வழி ரொம்பப் பிடிக்கும். போய் பார்க்கறப்ப முதல்ல வூஃபரைச் சுத்தி இருக்கற வளையத்தைப் பாருங்க. ரப்பர்னா பயம் இல்ல, ஃபோம்னா பத்துப் பதினஞ்சு வருஷத்துல நம்ம வெயிலுக்கு உதிர்ந்து பொடியா போகும், விரல்ல லேசா தொட்டாலே தெரிஞ்சுடும். வூஃபர் நடுவுல ரெண்டு பக்கமும் விரலை வச்சு சமமா, மெதுவா உள்ள அழுத்துங்க, எங்கயாவது உரசற சத்தம் கேட்டா வூஃபருக்குள்ள இருக்கற காயில் கோணியிருக்குன்னு அர்த்தம். ட்வீட்டரைக் கையால தொடாதீங்க, பாட்டு ஓட விட்டு காதைப் பக்கத்துல கொண்டு போய் ரெண்டும் ஒரே மாதிரி பாடுதான்னு கேளுங்க, சின்ன ஆம்பை முழுசா திருகி வச்சு ஓட்டினவங்க வீட்டுல முதல்ல போறது ட்வீட்டர்தான். ஒண்ணு மாத்தினதா சொன்னா ரெண்டும் ஒரிஜினலா, இல்ல ஒண்ணு மட்டும் வேற கம்பெனியான்னு பாருங்க, வேறயா இருந்தா அந்த ஜோடி இனி ஜோடி இல்ல. அந்த மாடலுக்கு ட்வீட்டர் இன்னும் கிடைக்குதா, விலை என்னன்னு டீலர்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடுங்க.